கிணற்றடியில் கற்ற பாடம்

ஊழியஞ் செய்யப் புறப்படும் வாலிபர் முதலில் கொண்டு செல்ல வேண்டிய கருவி யாது? மண்வெட்டி என்பர் சிலர். காது என்போம் நாம்.

2009இல் போர் ஓய்ந்து மக்கள் மீளக் குடியேறிய பின்னர், திருச்சபை வாலிபர் சிலருடன் நெடுங்கேணிக்குச் சென்றிருந்தோம். சிற்றாலயச் சுவருக்கு வெள்ளையடிப்பதே நோக்கம். பெயரிலேயே கேணியைக் கொண்ட ஊருக்கு நாம் சுமந்து சென்றது சுண்ணாம்பு! ஊராரை ஒரு வார்த்தை கேட்டோமில்லை.

மூதாட்டி ஒருவர் வந்தார். "தம்பிமாரே, சுவர் நிக்கட்டும். என்ரை கிணத்தை இறைச்சுத் தருவியளோ?" என்றார்.

ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்த கிணறு அது. சேறும் சருகும் மண்டியிருந்தன. நாணினோம், வாளியும் கயிறும் தேடினோம். இறங்கும் வகை காட்டியவரும், கயிற்றை இழுத்தவரும் அயலவரே.

ஊழியமென்பது ஊரவரோடு தோள் கொடுப்பது. இவ்வுண்மை புதிதன்று. சுவிட்சர்லாந்தின் பியர் செரசோல் 1920இல், பிரான்சின் வெர்டன் அருகே, போரில் அழிந்த எஸ்ன் கிராமத்தில் குடில்கள் அமைத்தார். நேற்றைய பகைவரான ஜெர்மானியரும் உடனுழைத்தனர். 1934இல் பீகாரைப் பூகம்பம் அழித்தபோது அங்கும் சென்றார். நம் நாட்டிலோ, 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன கொழும்பு நாலந்தாக் கல்லூரி மாணவருடன் கனத்தொலுவ கிராமத்தில் தங்கிச் சிரமதானத்தைத் தொடக்கினார்.

மூன்றாம் நாள் நீர் தெளிந்தது. முதற் செம்பை மூதாட்டி நமக்கே நீட்டினார். கொடுக்கச் சென்ற நாம், பெற்றுக்கொண்டு திரும்பினோம்.

வாலிபரே, அடுத்த விடுமுறையில் பஸ் ஏறுமுன் ஊராரைக் கேட்டுவிடுங்கள். சுண்ணாம்பு பின்னர் வாங்கலாம்.