பிளக் பாயின்ட் யாருடையது?



எட்டு லட்சம் ரூபாய்க்கு எலெக்ட்ரிக் கார் கிடைக்கிறது என்று சென்ற இதழில் ஒரு பக்கக் கட்டுரை போட்டாலும் போட்டோம், தபால்காரருக்கு வேலை கூடிவிட்டது. தேர்தல் சமயத்தில்கூட நம் அலுவலகத்துக்கு இவ்வளவு சூடான கடிதங்கள் வந்ததில்லை. “யோசிக்காமல் வாங்குங்கள்” என்று ஒரு சாரார். “ஐந்து வருஷத்தில் பேட்டரி போய்விடும், அப்புறம் காயலான் கடைதான்” என்று இன்னொரு சாரார். வாங்கியவர்களைவிட வாங்காதவர்களே அதிகம் எழுதியிருக்கிறார்கள். அதில் ஆச்சரியம் இல்லை, வாங்கியவர்கள் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

டாடா டியாகோ இ.வி. 2022 செப்டம்பர் கடைசியில் 8.49 லட்சம் ரூபாய் என்ற அறிமுக விலையோடு வந்தபோதும் இதே இரண்டு குரல்கள்தான் கேட்டன. முன்பதிவு தொடங்கிய முதல் நாளே 10,000 பேர் பணம் கட்டினார்கள். அதே நாளில் டீக்கடைகளில், “சின்ன காருக்கு இவ்வளவா? இந்தக் காசுக்குப் பெரிய பெட்ரோல் காரே வருமே” என்ற பேச்சும் ஓடியது. 2023 ஏப்ரலில் எம்.ஜி. காமெட் வந்தது. மூன்று மீட்டருக்கும் குறைவான நீளம், இரண்டே கதவு, நான்கு இருக்கை. பார்த்தவர்கள் முதலில் சிரித்தார்கள். பொம்மை கார் என்றார்கள். தி.நகரில் பார்க்கிங் தேடி மூன்று சுற்றுச் சுற்றியவர்கள் மட்டும் சிரிக்கவில்லை.

விலை குறைந்த காரைப் பார்த்துச் சிரிப்பது நமக்குப் புதிது இல்லை. 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் ஒரு லட்ச ரூபாய் கார் என்று நானோவைக் காட்டியபோது நாடே கைதட்டியது. ஆனால் ‘உலகிலேயே மலிவான கார்’ என்ற பெயரே அதற்கு வினையாகிவிட்டது. ஸ்கூட்டரில் போகிற குடும்பத்துக்காகச் செய்த காரை அந்தக் குடும்பமே வாங்கத் தயங்கியது. சேமித்த பணத்தையெல்லாம் போட்டு முதல் கார் வாங்குகிறவருக்கு, தெருவில் நாலு பேர் பார்க்கும்போது ‘மலிவு’ என்ற சொல் காதில் விழக் கூடாது. அப்படி விளம்பரம் செய்தது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னாளில் சொன்னார். நானோவில் மின் மோட்டார் பொருத்தி ‘நியோ’ என்ற பெயரில் கொண்டுவர நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் முயன்றதும் உண்டு. அதுவும் பெரிதாக ஓடவில்லை. இன்றைய கம்பெனிகள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கின்றன. ஷோரூமில் ‘மலிவு’ என்று யாரும் வாய் திறப்பதில்லை. ‘ஸ்மார்ட்’ என்கிறார்கள்.

சரி, கடிதங்களுக்கு வருகிறேன்.

பயத்தோடு எழுதியவர்களை நான் கேலி செய்ய மாட்டேன். 2022 கோடையை மறந்துவிட முடியுமா? மின் ஸ்கூட்டர்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. அதற்குச் சற்று முன்பு மார்ச் மாதம், வேலூரில் இரவில் சார்ஜில் நின்ற ஸ்கூட்டர் எரிந்து, அந்தப் புகையில் ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். அதன் பிறகுதான் மத்திய அரசு பேட்டரி பாதுகாப்பு விதிகளை இறுக்கி, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கட்டம் கட்டமாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எம்.ஜி.யின் காமெட், வின்ட்சர் போன்ற கார்களில் இருப்பது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி; லித்தியம் பேட்டரிகளில் சீக்கிரம் சூடேறிக் கொதிக்காத வகை அது. “மழைத் தண்ணீரில் போனால் ஷாக் அடிக்குமா?” என்று வேளச்சேரியிலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதங்கள். மழை எச்சரிக்கை வந்ததும் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிற ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்களா என்ன! டியாகோ இ.வி.யின் பேட்டரியும் மோட்டாரும் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் தரச்சோதனையில் தேறியவை. அதற்காக வெள்ளத்தில் இறக்கிப் பார்க்க வேண்டாம். ஒரு மீட்டர் தண்ணீரில் எந்தக் காரும் மிதக்கத்தான் பார்க்கும். மேம்பாலமே நல்லது.

பெண்கள் எழுதிய கடிதங்கள் வேறு மாதிரி இருந்தன. ரேஞ்ச், ரீசேல் என்று அவர்கள் தொடங்கவில்லை. கியர் இல்லை, கிளட்ச் இல்லை, பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார்கள். ஈரோட்டு வாசகி ஒருவர், “லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காக பீரோவில் கிடந்தது. இந்த கார் வந்த பிறகுதான் அது வெளியே வந்தது” என்கிறார். அவரே ஒரு குறையும் சொல்லியிருந்தார்: பின் சீட்டில் உட்காரும் மாமியாருக்குத் தலை சுற்றுகிறதாம். காரணம் இருக்கிறது, அம்மா. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே பிரேக் போலப் பிடித்து, ஓட்டத்திலிருந்து கொஞ்சம் மின்சாரத்தை பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. முன்னால் இருப்பவருக்கு அது சுகம். பின்னால் இருப்பவருக்குக் குலுக்கல். அந்த ‘ரீஜென்’ அளவைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம். மாமியார் உடன் வரும் நாட்களில் குறைத்துவிடுங்கள்.

இப்போது நான் அதிக நேரம் செலவிட்ட இரண்டு கடிதங்கள்.

ஒன்று, கும்பகோணத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எழுதியது. சொந்த வீடு, கார் நிறுத்த போர்ட்டிகோ, அதிலேயே 15 ஆம்பியர் பிளக். மாதம் கோயில் குளம், மகள் வீடு என்று 300 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இன்னொன்று மடிப்பாக்கம் வாசகி எழுதியது. சிறுசேரியில் வேலை, போக வர தினம் 40 கிலோமீட்டர். வாடகை வீடு. இருவரும் கேட்பது ஒரே கேள்வி: வாங்கலாமா?

மடிப்பாக்கம் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தேன். மாதம் 1,000 கிலோமீட்டர். டியாகோ இ.வி.யின் 24 யூனிட் பேட்டரிக்கு 315 கிலோமீட்டர் என்று அறிமுகத்தின்போது சான்றிதழ் சொன்னாலும், ஏ.சி. போட்டு நம் ரோட்டில் ஓட்டினால் 200-ஐ ஒட்டித்தான் வரும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதத்துக்கு 280 யூனிட் சொச்சம். இங்கேதான் நம் ஊர்க் கணக்கு வருகிறது. இ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் இலவசம். 500-ஐத் தாண்டினால் கட்டணம் ஒரே தாவாகத் தாவும். இதுவரை 300 யூனிட் எரித்த வீடு, கார் வந்ததும் 580-க்குப் போகிறது. அந்தத் தாவலோடு சேர்த்தே பார்த்தாலும் கூடுவது சுமார் இரண்டாயிரம் ரூபாய். அதே 2,000 கிலோமீட்டருக்கு பெட்ரோல் போட்டால் பன்னிரண்டாயிரம் ஆகும். மாதம் ஐயாயிரம் மிச்சம். பெட்ரோல் காருக்கும் எலெக்ட்ரிக் காருக்கும் உள்ள சுமார் மூன்று லட்ச ரூபாய் வித்தியாசம் ஐந்து ஆண்டில் கழிந்துவிடும். பேட்டரிக்கு எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. ஆக, அவருக்கு லாபம்.

தலைமையாசிரியருக்கு? மாதம் 300 கிலோமீட்டருக்கு மிச்சம் ஆயிரத்து ஐந்நூறுதான். அந்த மூன்று லட்சம் கழிய பதினாறு பதினேழு ஆண்டு. வாரன்டி முடிந்து இன்னும் எட்டு ஒன்பது ஆண்டு ஆன பிறகு! போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியிருக்கிறது. மின்சாரக் காருக்கு ஏற்கெனவே ஐந்துதான், அதில் குறைக்க ஏதும் இல்லை. வித்தியாசம் இன்னும் விரிந்துவிட்டது. ஐயா, சத்தமும் புகையும் இல்லாமல் ஓட்டும் ஆசைக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆசைக்குக் கணக்கு எதற்கு? சிக்கனத்துக்காக என்றால் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணக்குப்படி வாங்க வேண்டியவர் மடிப்பாக்கம் வாசகி. ஆனால் அவரால் வாங்க முடியாது. வீட்டுக்காரர் பிளக் பாயின்ட் போட விடவில்லை. “ஏ.சி. போட்டதுக்கே ஒயர் சூடாகுதுன்னு எலெக்ட்ரீஷியன் சொன்னார், காருக்கெல்லாம் ஆகாதும்மா” என்று முடித்துவிட்டாராம். சார்ஜ் செய்யும் வசதியோடு இருப்பவருக்குக் கார் லாபமில்லை. லாபம் வரக்கூடியவருக்குச் சார்ஜ் செய்ய இடமில்லை. வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது பெரும்பாலும் இந்த இரண்டு அடுக்காகத்தான் பிரிந்தன. விலை, ரேஞ்ச், பேட்டரி என்று நாம் பேசிக்கொண்டிருப்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வீட்டுக்காரரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன். 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் கார் மூன்று கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டை எட்டு ஒன்பது மணி நேரம் நிற்காமல் ஓட்டுவதற்குச் சமம். கீசரும் அதிகம் இழுக்கும்தான், ஆனால் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம். தொண்ணூறுகளில் கட்டிய நம் மூன்று மாடிக் குடியிருப்புகளில் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் போர்டு இருக்கும், கார் நிற்கும் இடம் அங்கிருந்து தள்ளி இருக்கும். பழைய ஒயரிலேயே ஜாயின்ட் அடித்து இழுத்தால் நிச்சயம் ஆபத்து. நல்ல ஒயர், தனி எம்.சி.பி., முறையான எர்த் மூன்றும் வேண்டும். அனுமதித்த மின்பளு போதவில்லை என்றால் இ.பி. ஆபீசில் கூட்டி வாங்க வேண்டும். இதெல்லாம் செலவுதான். எட்டு லட்சம் போட்டு கார் வாங்குகிறவர் ஏற்க முடியாத செலவு இல்லை. அவருக்குத் தேவை, “செய்துகொள்ளுங்கள்” என்ற ஒரு சொல்.

அந்தச் சொல்லைத்தான் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை. பொது மீட்டரில் போட்டால் பில்லை யார் கட்டுவது, ஒருவருக்கு பாயின்ட் கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே, தீப்பிடித்தால் யார் பொறுப்பு. கேள்விகள் நியாயம். பதில்களும் இருக்கின்றன. வீட்டில் ஏற்கெனவே உள்ள இணைப்பிலிருந்தே வாகனத்தை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் 2022 வழிகாட்டு நெறிகளே சொல்லிவிட்டன. புதுக் கட்டடங்களில் குறிப்பிட்ட பங்கு பார்க்கிங்கை சார்ஜிங்குக்குத் தயாராக வைக்கச் சொல்லி மாதிரிக் கட்டட விதிகள் 2019-லேயே திருத்தப்பட்டன. ஆனால் பழைய கட்டடத்தில் வாடகைக்கு இருப்பவருக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், வாடகைதாரர் தன் செலவில் சார்ஜர் பொருத்தக் கேட்டால் சில நிபந்தனைகளோடு வீட்டுக்காரர் இடம்கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இங்கே அப்படி ஒன்று வந்தால், மானியத்தைவிட அது அதிகம் பேருக்குக் கார் வாங்கிக் கொடுக்கும் என்பது என் எண்ணம்.

“வெளியில் சார்ஜ் செய்துகொண்டால் ஆகாதா?” என்று கேட்பீர்கள். ஆகும். ஃபாஸ்ட் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயை ஒட்டி வரும். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஆனது மூன்று ரூபாயாகிறது. வேலை முடிந்து வரும் வழியில் வாரத்துக்கு இரண்டு மாலை அங்கே காத்திருக்கவும் வேண்டும். சொந்த வீட்டுக்காரர் ஒரு ரூபாயில் ஓட்ட, வாடகை வீட்டுக்காரர் அதே காரை மூன்று ரூபாயில் ஓட்டுவார். ‘பேட்டரி வாடகை’ திட்டத்திலும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவைப் பார்க்க வேண்டும். 2024-ல் காமெட்டை 4.99 லட்சத்துக்குத் தருகிறோம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 2.50 ரூபாய் கொடுங்கள் என்றார்கள். கவர்ச்சியான விலை. சார்ஜ் செய்யும் செலவு அதற்கு மேல் தனி. ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதம் இவ்வளவு என்று குறைந்தபட்சத் தொகை ஏதும் உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு மெக்கானிக் எழுதியிருந்தார். ஆயில் மாற்ற வேண்டியதில்லை, ஸ்பார்க் பிளக் இல்லை, கிளட்ச் பிளேட் இல்லை, அப்புறம் எனக்கு என்ன வேலை என்று. பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஏ.சி. எல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று பதில் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அது அவருக்குத் தெரியாதா? ஸ்ரீபெரும்புதூரிலும் தூத்துக்குடியிலும் எலெக்ட்ரிக் கார்கள் உருவாகும் மாநிலத்தில், தெருமுனைப் பட்டறைக்காரர் ஹை-வோல்டேஜ் வேலை கற்க எங்கே போவது என்பதைத் தனிக் கட்டுரையாகவே எழுதச் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதம் வரும்.

மடிப்பாக்கம் வாசகிக்கு: ஷோரூமுக்கு இப்போது போக வேண்டாம். முதலில் ஒரு நல்ல எலெக்ட்ரீஷியனை அழைத்துப்போய் மீட்டரிலிருந்து பார்க்கிங் வரை அளந்து, செலவை எழுதி வாங்குங்கள். அந்தத் தாளோடு வீட்டுக்காரரிடம் இன்னொரு முறை பேசுங்கள். வேலைச் செலவு முழுதும் உங்களுடையது, சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஆகிற பணத்தைத் தனியாகக் கொடுப்பீர்கள், காலி செய்யும்போது பாயின்ட் அவருக்கே என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் நல்லவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடுக்குமாடியில் சண்டை போட்டோ, சமாதானம் பேசியோ பாயின்ட் வாங்கிய வாசகர்கள் இருந்தால், எப்படிச் சாதித்தீர்கள் என்று எழுதுங்கள். சங்கத் தீர்மானத்தின் நகலும், கார் வருவதற்கு முந்தைய, பிந்தைய இ.பி. பில்களும் அனுப்பினால் ரொம்ப உபயோகம். பெயர், மின் இணைப்பு எண்ணை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்