விருந்தாட்டம் என்னும் பிழை: சென்னை–இலங்கை கோபாலன் கோப்பை குறித்து ஒரு மறுப்பு

ஒரு மாகாண அணி, சுற்றுப்பயணமாக வந்த தேசிய அணியை எதிர்த்து ஆடிய ஆட்டம் வரலாற்றில் இடம்பெற வேண்டுமானால், அன்று சிறியது பெரியதை வீழ்த்தியிருக்க வேண்டும் என்னும் கருத்து பரவலாக வேரூன்றியிருக்கிறது. அயர்லாந்தின் மன்ஸ்டர் மாகாண ரக்பி அணி, 1978 அக்டோபர் 31 அன்று லிமரிக் நகரின் தாமண்ட் பார்க் திடலில் நியூசிலாந்தை 12–0 என்று வென்றதே இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுகிறது. இந்த அளவுகோலைக் கொண்டு நோக்குவோர், 1952–53 பருவத்தில் தொடங்கி, சில ஆண்டுகள் விடுபட்டாலும் 1970கள் வரை சென்னை அணியும் இலங்கை அணியும் மோதிவந்த கோபாலன் கோப்பைக் கிரிக்கெட் ஆட்டங்களை, அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் அளித்துக்கொண்ட விருந்து என்று கருதி ஒதுக்கிவிடுகின்றனர். இக்கருத்து நான்கு வாதங்களின் மேல் நிற்கிறது. நான்கும் ஆய்ந்து பார்க்கத் தக்கவை.

முதல் வாதம், வரலாறு படைப்பது ஒருநாள் அதிசயமே என்பது. மன்ஸ்டரின் கதையே இதை மறுக்கிறது. அம்மாகாணம் நியூசிலாந்தை 1905ஆம் ஆண்டிலேயே எதிர்கொண்டு 33–0 என்று தோற்றது. பின்னர் மீண்டும் மோதி, 1973இல் 3–3 என்று சமன் செய்தது. இடையில் 1967இல் ஆஸ்திரேலியாவை 11–8 என்று வென்றும் காட்டியது. 1978 சுற்றுப்பயணத்தின் 18 ஆட்டங்களில் நியூசிலாந்து தோற்றது லிமரிக்கில் மட்டுமே என்பது உண்மைதான். எனினும் அந்த வெற்றி எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்த சந்திப்புகளின் விளைவே அன்றி, ஒரே பிற்பகலில் முளைத்தது அன்று. ஆகவே, அதிசயத்தைப் போற்றுவோர் அதன் அடியில் கிடக்கும் தொடர்ச்சியையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அத்தொடர்ச்சியையே கோபாலன் கோப்பை ஓர் ஏற்பாடாக வகுத்துக்கொண்டது.

இரண்டாவது வாதம், இவை வெறும் நட்புமுறை ஆட்டங்கள் என்பது. முதல்தரப் போட்டி என்பது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட நாள்கள் நடந்து, ஒவ்வோர் அணிக்கும் இரண்டு இன்னிங்ஸ் ஆட வாய்ப்பளித்து, அதில் எடுக்கும் ஓட்டமும் வீழ்த்தும் விக்கெட்டும் ஆட்டக்காரரின் நிலையான கணக்கில் சேரும் போட்டியாகும். கோபாலன் கோப்பை ஆட்டங்கள் அந்தத் தகுதியைப் பெற்றிருந்தன. கோப்பைக்குப் பெயர் தந்த எம்.ஜே. கோபாலனும் கடுமையான போட்டிக்களத்தின் மனிதரே. 1934 நவம்பரில் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதியபோது ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் அவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936இல் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி அணியைத் துறந்து இங்கிலாந்துக் கிரிக்கெட் பயணத்தைத் தேர்ந்து, அங்கே ஒரு டெஸ்டிலும் ஆட வாய்ப்பின்றித் திரும்ப, ஹாக்கி அணியோ தங்கம் வென்று வந்தது.

மூன்றாவது வாதம், இலங்கை தன் ஆட்டத்தை இங்கிலாந்து, ஆஸ்திரேலிய அணிகளிடமிருந்தே கற்றது என்பது. அவ்விரு நாட்டு அணிகளும் கடற்பயணத்தின் இடையே கொழும்பில் இறங்கி ஆடிச் சென்றது உண்மை. ஆனால் அவை பெரும்பாலும் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் பொழுதுக்குள் முடிய வேண்டிய ஒருநாள் ஆட்டங்கள். 1948இல் பிராட்மனின் ஆஸ்திரேலிய அணி கொழும்பில் ஆடியபோது, 22 கெஜம் இருக்க வேண்டிய ஆடுகளம் 20 கெஜமே இருந்ததை ஆட்டத்தின் நடுவே அளந்து கண்டறிந்தனர் என்பதே அவ்வாட்டங்களின் இயல்பைக் காட்டப் போதுமானது. அவர்களுக்குக் கொழும்பு வழியில் கிடந்த துறைமுகம். சென்னைக்கோ அது, 1964 வரை, எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்தால் எட்டிவிடும் ஊராக இருந்தது. இரு அணிகளும் மாறி மாறி ஒன்றின் ஊருக்கு மற்றொன்று சென்று ஆடியதால், வேற்றூர் ஆடுகளத்தில் நாள்கணக்கில் நின்று ஆடும் பொறுமை, அதாவது டெஸ்ட் ஆட்டத்தின் அடிப்படைப் பண்பு, இலங்கையருக்குப் பழகியது. இலங்கையின் உள்நாட்டுப் போட்டிகள் முதல்தரத் தகுதி பெற்றது 1988–89இல்தான் என்பதை நினைவிற்கொண்டால், அதற்கு முன் சென்னை ஆட்டம் அந்நாட்டினருக்கு எத்துணை அரிய வாய்ப்பு என்பது விளங்கும்.

நான்காவது வாதம், பயன் ஒருதலையானது, சென்னை கொடுத்ததே தவிரப் பெறவில்லை என்பது. 1956–57 வரை ரஞ்சிக் கோப்பை தோற்ற அணி உடனே வெளியேறும் முறையில் நடந்ததால், முதல் சுற்றில் வீழ்ந்த மாநிலத்துக்கு அப்பருவத்தில் அத்துடன் போட்டி முடிந்தது. அந்நிலையில் இன்னொரு முதல்தர ஆட்டம், அதுவும் ஒரு நாட்டின் தேர்ந்த வீரர்களுக்கு எதிராக, சென்னை இளைஞருக்குக் கொடை அன்று, தேவை. எதிரணியும் எளியதன்று: கோப்பை தோன்றுவதற்கு முன்பே, 1947இல், இலங்கையின் மகாதேவ சதாசிவம் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் குவித்திருந்தார், 1965இல் மைக்கேல் டிசேராவின் தலைமையில் இலங்கை, அகமதாபாத்தில் இந்திய அணியையே வென்றது.

இம்மறுப்பு அளவு கடந்துவிடலாகாது. இலங்கைக்கு டெஸ்ட் தகுதியைக் கோபாலன் கோப்பை மட்டும் பெற்றுத் தரவில்லை; 1979 உலகக் கோப்பையில் மான்செஸ்டரில் இந்தியாவை 47 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது போன்ற வெற்றிகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆயினும் 1981இல் அத்தகுதி கிட்டியபோது அது ஒரே இரவில் விழுந்த பரிசு என்று சொல்வதற்கு இடமில்லை.

1982 செப்டம்பரில் இந்தியாவுக்கு எதிரான தன் முதல் டெஸ்டை இலங்கை சேப்பாக்கத்தில் ஆடியது. துலீப் மென்டிஸ் இரண்டு இன்னிங்ஸிலும் 105 எடுத்தார். 175 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா 7 விக்கெட்டுக்கு 135 என்ற நிலையில் ஆட்டம் சமனில் முடிந்தது. அன்று எவரும் எவரையும் வீழ்த்தவில்லை. ஒருநாள் அதிசயத்தை மட்டும் தேடும் அளவுகோலில் அந்த ஆட்டத்துக்கு மதிப்பெண் விழாது. சென்னைக்கு விருந்தாளியாக வந்துபோனதாகச் சொல்லப்பட்ட நாடு, அதே ஊரில் இந்தியாவுக்குச் சரிநிகராக ஐந்து நாளும் நின்றது என்பதைக் காணும் அளவுகோலே இங்குப் பொருந்தும்.