தந்தையின் வரலாற்றை மைந்தன் எழுதும்போது



நம் சான்பாடாவில் முதன்முதலாகக் குடியேறிய தமிழ்ப் பெரியவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து, ஒரு மலராக வெளியிடச் சங்கம் முடிவு செய்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். அப்பெரியவர்களின் மக்களே கட்டுரை எழுதித் தருகிறார்கள். அவற்றைப் படித்துத் திருத்தும் பணி அடியேனிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. இதுவரை பதினேழு கட்டுரைகள் வந்துள்ளன. காலையில் வேலைக்குப் போகும் ஹார்பர் வண்டியில் நின்றபடியே எல்லாவற்றையும் படித்து முடித்தேன்.

பதினேழு தந்தையரும் பொய் பேசாதவர்கள், சினம் அறியாதவர்கள், பிறர் துன்பம் பொறாதவர்கள். ஒருவர் பெயரை எடுத்து மற்றொருவர் கட்டுரையில் அச்சிட்டாலும் எவரும் கண்டுபிடிக்க மாட்டார். பிறரைக் குறை கூறுவானேன்? பதினெட்டாவது கட்டுரை என் தந்தையாரைப் பற்றி நானே எழுதியது. அதுவும் அவ்வாறே அமைந்திருந்தது. பெற்றவரைப் பற்றி வேறு எப்படித்தான் எழுதுவது என்று மயங்கியிருந்தபோதுதான், வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபாலின் வாழ்க்கை என் நினைவுக்கு வந்தது. அவரைப் பற்றி இத்திங்கள் எழுதுகிறேன்.

நம் குடியரசுத் தலைவராய் விளங்கிய தத்துவ மேதை டாக்டர் ராதாகிருஷ்ணனை அறியாதவர் இல்லை. திருத்தணியில் பிறந்த அவருக்குப் பெண்மக்கள் ஐவர், ஆண்மகன் ஒருவரே. அம்மைந்தர்தாம் கோபால். 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தை தத்துவத்தை ஆராய்ந்தார். மகனோ வரலாற்றை நாடினார். ஆக்ஸ்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் ரிப்பன் பிரபுவின் ஆட்சிக்காலம். சென்னை சென்ட்ரல் நிலையத்தில் இறங்கியவுடன் கண்ணில் படுமே, மாநகராட்சியின் வெண்ணிற ரிப்பன் கட்டிடம், அப்பெயருக்கு உரியவர் இவரே. 1880 முதல் 1884 வரை வைசிராயாக இருந்து, உள்ளாட்சி மன்றங்களுக்கு வழிவகுத்தவர். நாட்டுமொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டத்தை 1882-இல் நீக்கியவர். கோபாலின் அந்த ஆய்வு 1953-இல் நூலாக வெளிவந்தது. அடுத்து இர்வின் பிரபுவைப் பற்றிய நூல் 1957-இல் வந்தது. ஆளும் மனிதனின் உள்ளத்தையும் அவன் இட்ட ஆணையையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும் பயிற்சியை அவர் இவ்வாறு பெற்றார்.

1954 முதல் 1966 வரை வெளியுறவு அமைச்சகத்தின் வரலாற்றுப் பிரிவுக்கு அவர் இயக்குநராக இருந்தார். சீனத்துடன் எல்லைத் தகராறு முற்றிய 1959-ஆம் ஆண்டில் அவர் லண்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்குள்ள ஆவணக் காப்பகங்களில் பழைய கடிதங்களையும் வரைபடங்களையும் புரட்டிப் பார்த்து, இந்தியாவின் உரிமைக்குத் தக்க சான்றுகள் உண்டென்று பிரதமர் நேருவிடம் தெரிவித்தார். தூசி படிந்த காகிதக் கட்டு ஒரு நாட்டின் முடிவையே அசைக்க வல்லது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும், டில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் பேராசிரியப் பணி ஆற்றினார். நேருவின் எழுத்துக்களைத் தொகுத்து வெளியிடும் பெரும்பணிக்கும் பதிப்பாசிரியரானார். அவருடைய புகழுக்கு நிலைக்களனாய் அமைந்தது, மூன்று தொகுதிகளாக அவர் எழுதிய நேருவின் வாழ்க்கை வரலாறு. பிறப்பு முதல் விடுதலை வரையிலான முதல் தொகுதி 1975-இல் வெளிவந்தது; அடுத்த ஆண்டே சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. 1956 வரையிலான இரண்டாம் தொகுதி 1979-இலும், நேருவின் மறைவு வரையிலான மூன்றாம் தொகுதி 1984-இலும் வந்தன. வெளியார் காணாத காகிதங்களைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஆயினும், நேருவிடம் கொண்ட மதிப்பு அவருடைய எழுதுகோலைச் சற்றே சாய்த்துவிட்டது என்று குறை கூறிய அறிஞர்களும் உண்டு. தாம் அருகிருந்து பணியாற்றிய தலைவரைப் பற்றி எழுதுவது எளிதன்று.

அதனினும் கடினமான பணியை அவர் 1989-இல் முடித்தார். ராதாகிருஷ்ணன் 1975-இல் காலமாகிப் பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். நாடெங்கும் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவது அத்தந்தையின் பிறந்த நாள். பாரத ரத்னா பட்டம் பெற்றவர். பள்ளிச் சுவரெல்லாம் அவர் படம். மகன் என்ன எழுதினாலும் நாடு ஏற்றுக்கொண்டிருக்கும். புகழ்மாலை தொடுத்துவிட்டு எழுதுகோலைக் கீழே வைத்திருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தந்தையின் கல்விப் பெருமையையும், ஏழ்மையிலிருந்து அவர் உயர்ந்த திறத்தையும், மாஸ்கோவிலும் டில்லியிலும் அவர் ஆற்றிய அரசியல் பணியையும் எழுதிய அதே எழுதுகோலால், தந்தை பிற பெண்களுடன் கொண்ட உறவுகளையும், அதனால் தாயார் சிவகாமு அம்மையார் உள்ளுக்குள் பட்ட துன்பத்தையும் எழுதினார். படித்தவர் பலர் திடுக்கிட்டனர். மகனே இதைச் சொல்லலாமா என்று கேட்டவர்களும் இருந்திருப்பர்.

நான் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு. மகன் அதை மறைத்திருந்தால் யாருடைய வாழ்க்கை அழிந்துபோயிருக்கும்? தந்தையின் புகழுக்கு ஒரு குறைவும் வந்திராது. அந்த அம்மையார் வாழ்ந்து பட்ட துன்பம் மட்டும் சுவடில்லாமல் போயிருக்கும். குற்றத்தை மறைப்பது குற்றவாளிக்கு நாம் செய்யும் மரியாதை என்று எண்ணுகிறோம். அது பாதிக்கப்பட்டவருக்குச் செய்யும் அநீதியும் ஆகும் என்பதை மறந்துவிடுகிறோம்.

நான் ரயில்வேயில் சாதாரண எழுத்தன். பள்ளி இறுதி வகுப்புக்கு மேல் படிப்பில்லை. எனினும் நாள்தோறும் ஊழியர்களின் சர்வீஸ் புத்தகங்களைக் கையாள்கிறேன். அதில் பதவி உயர்வும் ஏறும், தண்டனையும் ஏறும். பாராட்டுப் பெற்ற பக்கத்தை வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்தெறிய எவருக்கும் அதிகாரமில்லை. முழுப் புத்தகத்தையும் பார்த்துத்தான் ஓய்வூதியம் கணக்கிடப்படுகிறது. குணத்தையும் குற்றத்தையும் சேர்த்து நிறுத்துப் பார்த்து, மிகுந்தது எதுவோ அதனால் மனிதனை மதிக்க வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை நமக்குச் சொன்னதும் இதுவே அன்றோ?

நம் பம்பாயோடு தொடர்புடைய மற்றொருவரையும் சொல்லலாம். 1964 முதல் 1981 வரை இந்நகரிலிருந்து வெளிவந்த 'ஹிம்மத்' வார இதழின் ஆசிரியராக இருந்தவர் ராஜ்மோகன் காந்தி. காந்தியடிகளுக்கு மகன் வழிப் பேரர். ராஜாஜிக்கு மகள் வழிப் பேரர். பாட்டனார் இருவரைப் பற்றியும் அவர் வரலாறு எழுதியிருக்கிறார். அவர் எழுதிய ராஜாஜி வரலாறு 2001-ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. குருதி உறவு இருந்தும் வரலாறு எழுதலாம். ஆனால் சான்றைக் கண்டு அஞ்சலாகாது.

இனி என் கட்டுரைக்கு வருகிறேன். என் தந்தையார் திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவித் தோல் கிடங்கில் உழைத்தவர். பின்பு சான்பாடாவில் வீடு கொண்டவர். என்னைப் படிக்கவைக்க அவர் பட்ட பாட்டை மூன்று பக்கம் எழுதியிருந்தேன். ஒன்றை எழுதவில்லை. என் தமக்கையார் என்னைவிட நன்றாகப் படித்தவர். இருவருக்கும் செலவு செய்ய இயலாதென்று, எட்டாம் வகுப்போடு அவரை நிறுத்திவிட்டார் தந்தையார். அக்கா வீட்டில் அமர்ந்து மணி கோத்துச் சம்பாதித்த காசில் என் பாடப்புத்தகங்கள் வந்தன. இன்று நான் மேசையில் அமர்ந்து எழுதும் ஒவ்வோர் எழுத்திலும் அவருக்குப் பங்குண்டு.

சென்ற ஞாயிறன்று செம்பூரில் இறங்கி அக்கா வீட்டிற்குச் சென்றேன். "இதை எழுதட்டுமா அக்கா? அப்பாவுக்கு இழுக்காகுமே" என்று கேட்டேன். அடுப்படியில் இருந்தவர் கைவேலையை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

"எழுது தம்பி. ஆனால் பாதியை எழுதாதே. என்னை நிறுத்திய அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. விடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நீ சின்னவன், உறங்கிவிட்டாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் எழுது" என்றார்.

எனக்கு இது தெரியாது. குற்றத்தை மறைக்கப் போன நான், அதனுடன் சேர்த்து என் தந்தையின் துயரத்தையும் மறைக்க இருந்தேன். மூன்று பக்கப் புகழுரையில் இல்லாத என் தந்தையார், அந்த வாசற்படியில் இருந்தார். கட்டுரையைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதத் தொடங்கியிருக்கிறேன்.

கோபால் 1999-இல் பத்ம விபூஷண் விருது பெற்று, 2002 ஏப்ரல் 20-ஆம் நாள் சென்னையில் காலமானார். அவர் கண்ட ஆவணங்களும் அவர் பெற்ற கல்வியும் நமக்கு வாய்க்கா. ஆயினும் நம் வீடுகளிலும் ஆவணங்கள் உண்டு; அவை பெரும்பாலும் அடுப்படியில் இருக்கின்றன; நாம் கேட்பதில்லை.

ஆதலால், கட்டுரை தந்துள்ள பதினேழு நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் கட்டுரைகளைத் திருப்பி அனுப்புகிறேன். வருத்தம் கொள்ள வேண்டாம். உங்கள் தாயாரிடமோ தமக்கையாரிடமோ ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர்கள் சொல்வதையும் சேர்த்து எழுதி, அடுத்த திங்கள் இறுதிக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். மலர் சற்றுத் தாமதமாக வந்தாலும் குற்றமில்லை.