ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்



பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் முன்சக்கரத்தில் 'டொக்' என்று சத்தம். "ஷாக் அப்சர்பர் போச்சுப்பா. வீடியோ பார்த்துட்டேன், ஞாயித்துக்கிழமை நானே கழட்டி மாட்டிடறேன்" என்கிறான் மகன். மஞ்சக்குப்பத்திலும் அண்ணாமலை நகரிலும் கார் வைத்திருக்கிற வீடுகளுக்கு இந்தப் பேச்சு புதிதா என்ன?

வேண்டாம் என்று தடுக்க நான் வரவில்லை. கைவேலை தெரிந்த பிள்ளை வீட்டுக்குப் பலம், கூலியும் மிச்சம். இரட்டை ஷாக் உள்ள பைக்கில் சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு பக்கம் முடித்த பிறகு மறுபக்கம் என்று மாற்றுவது பொறுமை இருந்தால் கைவரும். பழைய ஷாக்கைப் பிரிக்கவும் சூடு காட்டவும் கூடாது, அவ்வளவுதான். கார் அப்படியல்ல.

டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, ஸ்டெப்னி மாற்றுவதற்காகத் தரப்பட்டது. வண்டியைத் தூக்கும்; மணிக்கணக்கில் தாங்கி நிற்காது. கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டைப் பக்கத்து மணல் வாசலில் அதன் அடி மெல்லப் புதையும். உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டோ லேசில் அசையாது; ஸ்பேனரில் பைப் செருகி இழுப்பார்கள். அந்த இழுப்பில் வண்டி நழுவினால், அடியில் படுத்திருப்பவர் கதி?

செங்கல், ஹாலோ பிளாக் முட்டுக் கொடுப்பதும் ஆபத்துதான். பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கிவிடும். கெட்டியான சிமென்ட் தரை, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை, பாரம் தாங்க இரும்பு ஸ்டாண்ட். இவை இல்லையென்றால் வேலையையே தொடங்க வேண்டாம். துரு இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின இரவே அடித்து வைத்தால் இழுபறி பாதி குறையும். வீல் நட்டுகளை, வண்டியைத் தூக்கும் முன்பே இளக்கிவிடுங்கள்.

இன்னொன்று, ஒரே ஒரு நட்டு. 1983-ல் வந்த மாருதி 800 தொடங்கி நம் சிறிய கார்கள் பலவற்றிலும் முன்பக்கம் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஷாக்கும் அதைச் சுற்றிய ஸ்பிரிங்கும் ஒரே கூட்டு. அதன் மேல்முனையில் ஓரத்து நட்டுகள் அதை பாடியோடு பிடித்திருக்கின்றன. நடுவில் இருப்பது, அமுங்கிய ஸ்பிரிங்கை அடக்கி வைத்திருப்பது. வண்டியைத் தூக்கிய பிறகும், ஸ்ட்ரட்டை வெளியே எடுத்த பிறகும் அந்த ஸ்பிரிங் அமுங்கித்தான் இருக்கும். அமுக்குக் கருவி போடாமல் நடு நட்டைத் திருகினால் எல்லாம் ஒரே பாய்ச்சலில் சீறி வரும். எதிரில் இருப்பது நம் பிள்ளையின் முகம். ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றட்டும். ஸ்பிரிங் பிரிப்பதைப் பட்டறையில் செய்து வாங்கட்டும்.

கழற்றும்போது சக்கர ஹப்பின் பாரம் பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது, ஹப்பைக் கம்பியால் கட்டுங்கள். மாட்டும்போது ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளின் கடைசி முறுக்கு, சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கையில்தான். இல்லாவிட்டால் புது புஷ்ஷும் சீக்கிரமே கிழியும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் சிதம்பரம் சாலையில் வேகம் எடுக்க வேண்டாம்.

ஞாயிறன்று அவன் வேலையில் இறங்கினால், குழந்தைகளை உள்ளே வைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் பக்கத்தில் நில்லுங்கள். இரும்பு ஸ்டாண்ட் வந்துவிட்டதா என்று முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்