ஒரு வெள்ளியில் 36 காசு

சம்பளம் கைக்கு வந்த அன்று மாலையே நாலு நம்பர் கடையின் முன் நம்மவர் வரிசை நீண்டுவிடுகிறது. கனவில் வந்த பாம்புக்கு ஒரு நம்பர், சாலையில் கவிழ்ந்த லாரிக்கு ஒரு நம்பர், பேரப்பிள்ளை பிறந்த தேதிக்கு ஒரு நம்பர். ஆபீசிலுள்ள கிராணிமாரும் விலக்கல்ல. அவர்கள் பழைய முடிவுகளை நோட்டில் எழுதி வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

குலுக்கலில் மோசடி நடக்கிறதா என்று அன்பர்கள் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். குலுக்கல் நேர்மையாகவே நடக்கட்டும். அப்போதும் நமக்குக் கிடைப்பதென்ன என்பதே கேள்வி.

0000 முதல் 9999 வரை 10,000 நம்பர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெள்ளி 'பெரிசு' கட்டினால் 10,000 வெள்ளி செலவு. முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்துக்குத் தலா 180, ஆறுதல் பரிசு பத்துக்குத் தலா 60. எல்லாம் கூட்டினால் 6,400 வெள்ளி. ஒரு நம்பர் விடாமல் வாங்கியவனுக்கே வெள்ளிக்கு 36 காசு நட்டம்! அந்தக் காசு வரியாகவும் கமிஷனாகவும் கம்பெனியின் செலவாகவும் லாபமாகவும் போகிறது. திரும்பி வந்த 64 காசையும் மறுபடி அதே கடையில் கட்டினால், மிஞ்சக்கூடியது 41 காசு.

புதன், சனி, ஞாயிறு என ஆண்டுக்கு 156 குலுக்கல் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நம்பரை விடாமல் கட்டுகிறவனுக்கு முதல் பரிசு சராசரியாக 64 ஆண்டுக்கு ஒரு முறை விழும். பதினெட்டு வயதில் மரம் வெட்டத் தொடங்கியவனுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது! நெடுநாள் வராத நம்பர் இனி வந்தே தீரும் என்பாரும் உண்டு. முன்பு எது விழுந்தது என்று உருளும் பந்துக்கு ஞாபகமிருக்குமா?

குலுக்கலுக்கு 5 வெள்ளி கட்டினால் ஆண்டுக்கு 780 வெள்ளி. 2025-இல் 1,700 வெள்ளியாக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் இது ஏறக்குறைய பாதி. மானேஜருக்கும் 5 வெள்ளி 5 வெள்ளிதான். ஆனால் அவர் வீட்டு அடுப்பு அதனால் அணையாது. உரிமமின்றி லயத்துக்கு வந்து நம்பர் எழுதுகிறவர்கள் கடனுக்கும் எழுதுகிறார்கள். அந்தக் கடன் சம்பள நாளன்று வாசலில் நிற்கிறது.

"வேறு எந்த வழியில் ஐயா, ஆயிரம் வெள்ளியை மொத்தமாகப் பார்ப்பது?" என்று நம்மைத் திருப்பிக் கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. வயிற்றுக்குப் போதிய கூலி இல்லாத இடத்தில்தான் நம்பிக்கையைச் சீட்டாக விற்க முடிகிறது. வாங்குகிறவனை ஏசிப் பயனில்லை. ஆனால் 1960-இல், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நாளில், துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் போட்டார்கள். அந்தச் சில்லறை தோட்டங்களையே வாங்கியது. அதுவும் இதே மரம் வெட்டிய கைகளின் காசுதான்.

நம்பர் கடையை நாளையே மூடச் சொல்லி நாம் கேட்கவில்லை. மூடினால் கள்ள நம்பர்காரனுக்கே கொண்டாட்டம். நாம் கேட்பது சிறியது. நம் சம்பளச் சீட்டில் ஒவ்வொரு பிடித்தமும் எழுதிக் காட்டப்படுகிறது. அதேபோல், "இதில் வெள்ளிக்கு 36 காசு பிடித்தம்" என்று நம்பர் சீட்டிலும், நம்மவர் படிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.