பொடக்காலியில் ஒரு புகைப்பெட்டி

மாசி, பங்குனி மாதங்களில் அம்மன் கோயிலுக்கு நோன்பு சாட்டிக் கிடா வெட்டி, உற்றாரும் ஊராரும் உண்டு போன பிற்பாடு மிஞ்சிய கறியை விரல் பருமனில் நீள நீளமாக அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் இடித்த மிளகாயும் பிசறி, கோணி ஊசியால் சணல் கயிற்றில் கோத்து, பகலில் வெயிலிலும் இரவில் அடுப்புக்கு மேலே பரண் கழியிலும் தொங்கவிட்டுப் பக்குவம் செய்துகொள்வது, சேலம், நாமக்கல் சமவெளியின் குடியானவர் வீடுகளில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை சர்வ சாதாரணமான காரியமாக இருந்தது. உப்புக்கண்டம் என்ற அந்தப் பண்டம் இன்றும் சில வீடுகளில் உண்டு. வெயில் இருக்கிறது, உப்பு இருக்கிறது, மேச்சேரி ஆட்டுக்கும் குறைவில்லை. அடுப்புக்கு மேலிருந்த புகைதான் போய்விட்டது; புகையோடு அதை ஆளத் தெரிந்த கைகளும் போய்க்கொண்டிருக்கின்றன என்பதே என் கவலை.

திருச்செங்கோட்டுப் பக்கம் என் அம்மாயி வீட்டுச் சமையற்கட்டு ஞாபகத்துக்கு வருகிறது. விடியற்காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அம்மாயி கழியை இறக்கி, கயிற்றில் இருந்த துண்டுகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, ஓரத்தில் இருந்ததை நடுவுக்கும் நடுவில் இருந்ததை ஓரத்துக்கும் கொண்டுவந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தவற்றைப் பிரித்து, நடுவே ஒரு விரற்கடை இடம் விட்டு மறுபடியும் கட்டுவார். "ஒட்டுன எடத்துல பொகை படாது கண்ணு, அந்த எடம் பச்சையாவே நின்னுபோவும், அங்கதான் புழு வெக்கும்" என்று சொல்லிக்கொண்டே, துண்டின் மேல் விரலை அழுத்தி எடுத்துப் பார்ப்பார். விரலில் பிசுக்கு ஒட்டினால் அன்று புகை கிடையாது; மறுபடியும் வெயில்தான். ஈரக் கறியைப் புகையில் கட்டினால் கரிதான் படியும், மணம் ஏறாது என்பது அவருடைய தீர்மானமான அபிப்பிராயம்.

எழுத்து வாசனை அறியாத அந்த அம்மையார் கடைப்பிடித்த நியமங்கள் அத்தனையும் இறைச்சி விஞ்ஞானத்துக்கு ஒத்தவை. புகையில் இருக்கும் ஃபீனால் முதலிய ஆவிப் பொருள்களே நிறத்தையும் மணத்தையும் கிருமித் தடையையும் கொடுப்பவை. அவை ஈரத்தில் வெகு எளிதாகக் கரையும் சுபாவமுடையவை ஆதலால், நீர் வழியும் இடத்தில் மிகுதியாகச் சேர்ந்து கசந்து கோடு கோடாக இறங்கியும், உலர்ந்து மெல்லிய தோல் போர்த்த இடத்தில் சீராகப் படிந்தும் நிற்கின்றன. புகை ஓரிடத்தில் தேங்கினாலும் கெடுதல். கீழே காற்று புகவும் மேலே புகை போகவும் வழியிருந்து, கறியைத் தழுவிக்கொண்டு மெல்ல நகர்ந்தபடியே இருக்க வேண்டும். ஓட்டு வீட்டுச் சமையற்கட்டில் ஓடுகளின் இடுக்கு அந்த வேலையைத் தானாகவே செய்தது.

அந்தச் சமையற்கட்டு போனதற்காக நான் வருந்தவில்லை. விறகுப் புகையில் கண் கலங்கி, நெஞ்சு அடைத்து, இருமிக்கொண்டே ஆயுளைக் கழித்த பெண்கள் எத்தனை பேர்! தமிழக அரசு வழங்கிய இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் செய்த உபகாரத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். வீட்டுக்குள் புகை மறுபடியும் வரக் கூடாது. ஆனால் பொடக்காலி என்று எங்கள் பக்கம் சொல்லும் புழக்கடையில், காற்றோட்டமான ஓரிடத்தில், ஒரு பெட்டிக்குள் அதை அடக்கி வேலை வாங்கலாம் அல்லவா? மாலத்தீவிலும் லட்சத்தீவின் மினிக்காயிலும் சூரை மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்து மாசிக் கருவாடு ஆக்குகிறார்கள். கோவாவில் காடிச் சாறும் மிளகாயும் சேர்த்த பன்றிக்கறியைக் குடலில் அடைத்துக் காயவைத்துப் புகையூட்டுகிறார்கள். நம்முடைய பிரதேசத்திலோ, இந்தக் கலைக்கென்றே அமைந்தது போன்ற ஒரு மூலப்பொருள் கேட்பாரற்றுக் கிடக்கிறது.

நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டையிடும் நாமக்கல் பண்ணைகளின் கோழிகள், 72 வாரமோ 80 வாரமோ கடந்து முட்டை குறைந்ததும் மலிவான விலைக்குக் கூண்டோடு லாரியேறுகின்றன. முட்டைக்கோழி என்று சந்தையில் சொல்லப்படும் இந்தப் பறவையின் கறி, வயதாக ஆக இணைப்புத் திசு இறுகிப்போவதால், கறிக்கோழியைப் போல எளிதில் வேகாது, நாராக நிற்கும். அதே கறியை எலும்பு நீக்கிக் கொத்தி, அக்கோழியின் வயிற்றிலேயே தாராளமாக இருக்கும் கொழுப்பையும் சேர்த்து, உப்பு, மிளகு, பூண்டு, மல்லிப்பொடி போட்டுப் பிசைந்து, கழுவிச் சுரண்டிய ஆட்டுக்குடலில் அடைத்துப் புகையூட்டினால், முறுக்கும் சாறும் மணமும் கூடிய அருமையான சாசேஜ் கிடைக்கிறது. பரமத்தி வேலூர்ச் சந்தையில் வாங்கிய கோழியைக் கொண்டு நான் சென்ற ஆடி மாதம் அதைச் செய்து பார்த்தேன்.

முதல் தடவை கெட்டது. சமையல் எண்ணெய் வந்த தகர டிரம்மின் அடியில் செங்கல் வைத்துத் தீ மூட்டி, மேலே கம்பிகளில் சாசேஜ்களைத் தொங்கவிட்டு மூடினேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது, ஒரு பக்கத்தில் இருந்தவை கருகிக் கொழுப்பு வடிந்து சுருங்கிப்போய் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் இருந்தவை வெளிறிக் கிடந்தன. ஒன்றையொன்று தொட்டிருந்த இடங்களில் அம்மாயி சொன்னது போலவே கட்டைவிரல் அகலத்துக்குப் பச்சைத் திட்டுகள் நின்றன. காரணத்தைத் தேடியபோது, காற்றுத் துவாரத்தை மேற்கே பார்த்து வைத்திருந்தது தெரியவந்தது. ஆடிக் காற்று நேரே உள்ளே புகுந்து, கனிய வேண்டிய நெருப்பைக் கொழுந்துவிட்டு எரியச் செய்திருக்கிறது.

அடுத்த தடவை துவாரத்தைக் கிழக்கே திருப்பினேன். விறகைக் குறைத்து, வேலங்கட்டையின் கனல் மேல் நெல் உமியைத் தூவினேன். தட்டானும் குயவனும் நன்கறிந்தபடி உமி கொழுந்து விடாமல் மணிக்கணக்கில் கனியும். நெருப்புக்கும் கறிக்கும் நடுவே துளையிட்ட தகரத் தட்டு ஒன்றை வைத்து அதன் மேல் ஆற்று மணலைப் பரப்பினேன். ஒரே இடத்தில் குத்தி எழும் சூடு மணலில் பரவி, நாலாபுறமும் ஒன்றாக எழுந்தது. சாசேஜ்களை ஒரே பருமனாக முறுக்கி, புகைக்கு முன் ஒரு மணி நேரம் குளிர்பெட்டியில் திறந்தபடி உலரவிட்டு, அரைமணிக்கு ஒரு தரம் கம்பிகளை இடம் மாற்றினேன். முற்றிய புளியம்பழ ஓட்டின் நிறம் எல்லாவற்றிலும் ஒன்றுபோல ஏறியிருந்தது.

புகை சமமாகப் படிவதை ருசிக்காகவும் அழகுக்காகவும் மட்டும் நான் வற்புறுத்தவில்லை. ஐரோப்பாவின் குளிர் நாடுகளில் 30 டிகிரிக்குக் கீழே நாட்கணக்கில் செய்யும் குளிர்ப்புகை முறை, சித்திரையில் நிழலிலேயே 38, 39 டிகிரி காயும் சேலத்துக்குச் சிறிதும் ஒவ்வாது. இங்கே அந்த முறையைக் கண்மூடிப் பின்பற்றினால் கறி புகையிலேயே கெட்டுப்போகும். குடலுறைக்குள் காற்றுப் புகாத இடத்தில் கொடிய நச்சுக்கிருமி வளரக்கூடும். தொழிற்சாலைகள் அதற்கென்றே நைட்ரைட் உப்பு சேர்க்கின்றன. வீட்டில் அது இன்றிச் செய்கிறவர், சூட்டைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு சாசேஜின் நடுப்பாகமும் 74 டிகிரியைத் தொட்டதை வெப்பமானியால் குத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டு, ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துச் சில நாட்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். சூடு ஒரு பக்கம் கூடி ஒரு பக்கம் குறையும் பெட்டியில், கருகிய சாசேஜுக்கு அருகிலேயே வேகாத சாசேஜ் தொங்கும்.

புகையூட்டிய கறி புற்றுநோயை வரவழைக்கும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. அந்த ஆட்சேபணைக்கு ஆதாரம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குவனவற்றின் முதல் வகையிலேயே சேர்த்தது. ஆகவே அது அன்றாட உணவு ஆகக் கூடாது. உப்புக்கண்டம் அந்தக் காலத்தில் இருந்தது போல, கம்பஞ்சோற்றுக்கோ பழைய சோற்றுக்கோ இரண்டு துண்டு தொடுகறியாக, அபூர்வமாக, இருக்கட்டும். கொழுந்துவிடும் தீயில் கொழுப்பு சொட்டிக் கரும்புகை எழும்பும்போதுதான் தீய பொருள்கள் அதிகமாகச் சேர்கின்றன என்பதால், நெருப்பைக் கனிய வைக்கும் பழக்கம் இங்கேயும் துணை நிற்கிறது.

1985 முதல் நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இறைச்சி நூல் அறிந்த ஆசிரியர்கள் அங்கே இருக்கிறார்கள். மகளிர் சுய உதவிக் குழுக்கள் கிராமந்தோறும் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் இயந்திரத்தைக் காட்டிப் பயமுறுத்தாமல், ஒரு டிரம், ஒரு துளைத் தட்டு, இரண்டு வெப்பமானி ஆகியவற்றைக் கொண்டு, முட்டைக்கோழிச் சாசேஜையும் உப்புக்கண்டத்தையும் பழுதில்லாமல் புகையூட்டும் ஒரு வாரப் பயிற்சியைக் கல்லூரி நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கற்றுக்கொண்டவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் முறைப்படி பதிவு செய்துகொண்டு விற்கலாம். விற்காவிட்டாலும் வீட்டுக்கு ஆகும். பயிற்சிக்கு வருகிறவர்களில் உப்புக்கண்டம் கட்டிப் பழகிய மூதாட்டி எவரேனும் இருந்தால், அவரை மாணவியர் வரிசையில் உட்காரவைக்காமல் ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்.

முதல் நாள் கறியைத் தொடவே வேண்டாம். பெட்டிக்குள் கம்பிவலை வைத்து, வலை முழுவதும் ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, தீயைச் சற்றுக் கூட்டி மூடிவிட்டு, அரைமணி கழித்துத் திறந்து பார்க்கட்டும். எந்த மூலையில் ரொட்டி சிவந்திருக்கிறது, எந்த மூலையில் வெளுப்பாகவே இருக்கிறது என்று பார்த்து, அந்த மூலைகளை டிரம்மின் வெளிப்புறத்தில் கரித்துண்டால் குறித்துக்கொள்ளட்டும்.