இருண்ட ஊர் ஆளில்லாத ஊரல்ல

விண்வெளியிலிருந்து இரவில் எடுக்கப்பட்ட பூமியின் படம் இன்று பாடப் புத்தகங்களிலும் நாட்காட்டிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் சாதாரணமாகக் காணக் கிடைக்கின்றது. கரிய நிலத்தின் மேல் பொன்னிறப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும் அந்தப் படத்தை எமது பிள்ளைகளும் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு, "எங்கட ஊர் இதில எங்க?" என்று கேட்கிறார்கள். கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்குச் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், அந்தப் படம் எதைக் காட்டுகின்றது, எதைக் காட்டாமல் விடுகின்றது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். ஏனெனில் இத்தகைய படங்களை வைத்து நாடுகளின் வளர்ச்சியையும் மக்களின் நடமாட்டத்தையும் அளக்கும் வழக்கம் இன்று பெருகியுள்ளது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பூமி முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டு கிடப்பதை எந்த மனிதக் கண்ணும் கண்டதில்லை. ஒரு பாதியில் இரவென்றால் மறு பாதியில் பகல். நாம் காணும் படம் பல இரவுகளின் படங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து ஆக்கப்பட்டது. 2011 ஒக்டோபரில் ஐக்கிய அமெரிக்கா ஏவிய சுவோமி என்னும் செய்மதி, 824 கிலோமீற்றர் உயரத்தில் துருவத்திற்குத் துருவம் சுற்றி வருகின்றது. 2012 ஏப்ரலில் 9 நாட்களும் ஒக்டோபரில் 13 நாட்களும் அது பதிந்தவற்றில் முகில் மறைக்காத பகுதிகளைத் தெரிந்தெடுத்து, அவ்வாண்டு டிசெம்பரில் அந்தப் புகழ்பெற்ற படத்தை வெளியிட்டார்கள். அதற்கு முன்னரே, நிலவொளியில் முகில்களைப் பார்ப்பதற்காக அமெரிக்க இராணுவம் அனுப்பிய வானிலைச் செய்மதிகள் ஊர் விளக்குகளையும் பதிந்து வந்தன. 1992 முதல் அந்தப் பதிவுகள் ஒழுங்காகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளன.

சுவோமி செய்மதி இரவில் ஓர் ஊருக்கு மேலாகச் செல்லும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. முக்கால் கிலோமீற்றர் அகலமான நிலம் அதன் கண்ணுக்கு ஒரேயொரு புள்ளி. பின்னிரவு ஒன்றரை மணிக்கு எரிவது எந்த விளக்கு? நகரத்துத் தெருவிளக்கு, துறைமுகம், விமான நிலையம், தொழிற்சாலை, காவலரண். குப்பி விளக்கில் சமைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, எண்ணெய் வீணாகக் கூடாதென்று ஒன்பது மணிக்கே விளக்கை அணைத்துவிடும் குடும்பம் அந்தப் படத்தில் இல்லை. பன்றிக்கும் யானைக்கும் பயந்து வயற் கொட்டிலில் விழித்திருக்கும் கமக்காரன் மூட்டிய சிறு நெருப்பும் அதில் இல்லை. அவன் விளைவித்த நெல்லை உண்ணும் நகரம் மட்டுமே பளிச்சென்று தெரிகின்றது.

ஆகவே இருளை வாசிக்கும்போது நாம் அவதானமாக இருக்க வேண்டும். சகாராப் பாலைவனம் இருண்டு கிடக்கின்றது. அங்கே குடிகள் மிகக் குறைவு. வடகொரியாவும் இருண்டு கிடக்கின்றது; அங்கே இரண்டரைக் கோடி மக்கள் வாழ்கிறார்கள். சீனாவுக்கும் ஒளி நிறைந்த தென்கொரியாவுக்கும் இடையில், தலைநகரான பியொங்யாங் ஒரு சிறு பொட்டாகத் தெரிய, எஞ்சிய நாடு கடலோடு கடலாகத் தோன்றுகின்றது. இதற்கு மாறாக, எகிப்தின் நைல் நதி ஒரு நீண்ட ஒளிக்கொடியாகத் தெரிகின்றது. அந்நாட்டு மக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் வரையில் அந்த ஆற்றோரத்திலும் கழிமுகத்திலும் வாழ்வதே காரணம். தண்ணீர் உள்ள இடத்தில் பயிர், பயிர் உள்ள இடத்தில் குடி, குடி உள்ள இடத்தில் விளக்கு. இந்த ஒழுங்கு எமக்குப் புதியதல்ல. குளத்தை நம்பிக் குடியிருந்தவர்கள் நாம்.

வெளிச்சம் எல்லாம் நல்வாழ்வின் அடையாளமா? அதுவும் இல்லை. 2011 ஓகஸ்டில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து எடுக்கப்பட்ட ஒரு படத்தில், இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான எல்லை ஒரு செம்மஞ்சள் கோடாக வளைந்து செல்வதைக் காணலாம். அது ஆட்கள் கடக்காமல் காவல் காப்பதற்காக வேலியோரம் இரவு முழுவதும் எரியும் விளக்குகளின் வரிசை. நைஜீரியாவின் நைஜர் ஆற்றுக் கழிமுகத்திலும் பெரும் ஒளிப் புள்ளிகள் உண்டு. அவை எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிக்கப்படும் வாயுவின் தீச்சுவாலைகள். அதே நாட்டில் எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் மின்சாரம் இல்லாமல் வாழ்கிறார்கள். மின்சாரம் கிட்டாதோர் தொகையில் உலகில் முதலிடம் அந்நாட்டுக்கே. எரியும் வாயுவுக்குப் பக்கத்தில் இருண்ட குடிசை! மேலேயிருந்து பார்ப்பவனுக்குச் சுவாலை தெரியும், குடிசை தெரியாது.

போர் வந்தால் படம் எப்படி மாறும் என்பதற்குச் சிரியா சாட்சி. 2011 மார்ச்சில் அங்கு நெருக்கடி தொடங்கி நான்கு ஆண்டுகள் கழிந்தபோது, அந்நாட்டு இரவு விளக்குகளில் நூற்றுக்கு 83 பங்கு அணைந்துவிட்டதாகச் சீனாவின் வூஹான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்மதிப் படங்களைக் கொண்டு கணித்தார்கள். அலெப்போவில் 97 பங்கு. எந்த மாகாணத்தில் விளக்கு அதிகம் அணைந்ததோ, அங்கே இடம்பெயர்ந்தோர் தொகையும் அதிகம் என்ற தொடர்பையும் அவர்கள் கண்டார்கள். ஓர் அரசு மறைத்தாலும் மறைக்க முடியாத உண்மையை அந்தப் படங்கள் உலகத்தின் முன் வைத்தன. அந்த நன்மையை நாம் மறுக்கவில்லை.

போரில்லாத இடத்திலும் ஒரு பாடம் உண்டு. 2017 செப்டெம்பரில் மரியா என்னும் சூறாவளி புவேர்ட்டோ றிக்கோத் தீவைத் தாக்கியபோது தீவு முழுவதும் இருண்டது. விளக்குகள் மீண்டும் எரியத் தொடங்கிய ஒழுங்கைச் செய்மதி நாள்தோறும் பதிந்தது. நகரங்களுக்கு முதலில் வெளிச்சம் வந்தது. ஒதுக்குப்புறக் கிராமங்கள் பல மாதங்கள் காத்துக் கிடந்தன. எல்லோருக்கும் ஒரே புயல்தான். நிவாரணம் மட்டும் ஒரே வேகத்தில் வரவில்லை. இதைப் படித்துச் சொல்ல எமக்கு ஆய்வாளர் தேவையில்லை என்றாலும், படத்தில் பதிந்த பிறகு அதிகாரிகளால் மறுக்க முடியாதல்லவா?

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடும் பற்றரிக்குத் தடையும் வந்தபோது, ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் ஒரு திரியும் இட்டு எமது வீடுகள் இரவைக் கழித்தன. அந்த ஆண்டுகளின் செய்மதிப் படங்களில் கொழும்பும் மேற்குக் கரையும் ஒளிர, வடக்கு இருண்டு கிடந்தது. ஆனால் அந்த இருளுக்குள் பல இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். பாடசாலைகள் நடந்தன, பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள், நெல்லும் வெங்காயமும் விளைந்தன. 2009 இல் போர் முடிந்த பின்னர் மின்கம்பிகள் வந்தன. படத்திலும் வெளிச்சம் கூடியது. எனினும் அந்த வெளிச்சம் யாருடையது என்று படம் சொல்லாது. மீளக் குடியேறிய வீட்டின் விளக்கும், விடுவிக்கப்படாத காணியில் நிற்கும் முகாமின் விளக்கும் செய்மதிக்கு ஒன்றே.

இங்கேதான் எமது கவலை. இருண்ட இடத்தை ஆளில்லாத இடம் என்றும், ஆளில்லாத இடத்தை உரிமையில்லாத இடம் என்றும் எடுத்துக்கொள்ளும் மனப்போக்கு எளிதில் வளரக் கூடியது. உழவர்கள் துரத்தப்பட்ட வயலில் இருபது ஆண்டுகளில் மரம் வளரும்; மேலேயிருந்து பார்த்தால் அது காடுதான். இப்படிப் பற்றை மண்டிய வயல்களும் தோட்டங்களும் காடென்று குறிக்கப்பட்டு, திரும்பி வந்த குடும்பங்கள் தமது காணிக்குள் கால் வைக்க முடியாமல் நின்றதை எமது மாவட்டங்களில் பார்த்திருக்கிறோம். செய்மதிப் படம் சாட்சி சொல்லட்டும். தீர்ப்பைச் சொல்ல, அந்த மண்ணில் நின்று கேட்டறிந்தவர்களே வேண்டும்.

அந்தச் சாட்சியை நாமும் அழைக்கலாம். லான்ட்சாற் என்னும் செய்மதிகள் 1972 முதல் பூமியின் பகற்காட்சியைப் பதிந்து வருகின்றன. 2008 இல் அந்தப் பழைய படங்கள் யாவும் எவரும் இலவசமாகப் பெறத் திறந்துவிடப்பட்டன. 1980களிலிருந்து 30 மீற்றர் நிலத்தை ஒரு புள்ளியாகக் காட்டும் அளவுக்கு அவை தெளிவானவை. போருக்கு முந்திய படம் கிடைக்கும் இடங்களில், இன்று காடென்று சொல்லப்படும் நிலம் அன்று குளத்தின் கீழ் வயலாக இருந்ததை அவற்றில் காட்ட முடியும். கணனி தெரிந்த எமது இளைஞர்கள் இதைக் கற்றுக்கொள்வது ஊருக்குச் செய்யும் பெரிய உதவியாகும்.

எனினும் எந்தச் செய்மதியாலும் பதிய முடியாதவை சில உண்டு. எல்லைப் பனை எது, பொதுக் கிணறு எது, வாய்க்காலில் யாருக்கு எந்த முறை என்பவை முதியவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. ஆகவே ஒவ்வொரு ஊரவரும், எங்கே சிதறியிருந்தாலும், ஒன்றுகூடித் தமது ஊர்ப் படத்தைக் கையால் வரைய வேண்டும். குளம், வாய்க்கால், ஒழுங்கை, கிணறு, கோயில், பாடசாலை, வளவு என அனைத்தையும் குறிக்க வேண்டும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், நில அளவைப் படம் ஆகியவற்றின் பிரதிகளை அதனுடன் சேர்த்து, வெவ்வேறு மூன்று இடங்களில் வைக்க வேண்டும். உறுதி தொலைந்தவர்கள் அயற்காணிக்காரரின் வாக்குமூலத்தை அவர்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

1962 பெப்ரவரி 20 அன்று, ஜோன் கிளென் என்ற அமெரிக்கர் தனியாக விண்கலத்தில் பூமியைச் சுற்றியபோது, அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர மக்கள் வீட்டு விளக்குகளையும் தெரு விளக்குகளையும் எரியவிட்டு அவருக்குத் தம்மைக் காட்டினார்கள். அவரும் அதைக் கண்டு நன்றி சொன்னார். நாம் இங்கே இருக்கிறோம் என்பதை அவர்கள் விளக்கால் சொன்னார்கள். அதற்கு வேண்டிய மின்சாரமும் வீடும் அவர்களிடம் இருந்தன. அவை இல்லாதவர்கள் அதே செய்தியை எழுத்தாலும் சாட்சியாலும் ஒற்றுமையாலும் சொல்ல வேண்டியிருக்கின்றது. பிள்ளை மீண்டும் கேட்கும்போது, படத்தில் அந்தக் கரிய இடத்தில் விரலை வைத்து, "இதுதான் எங்கட ஊர்" என்று சொல்லுங்கள். பிறகு குளத்தின் பெயரையும் வயலின் பெயரையும் அதற்குச் சொல்லிக் கொடுங்கள்.